மூன்று நாள் நாக்கு

பச்சையம்மாவின் வாயில் எப்போதும் உப்பு இருந்தது. அதில் அவள் குற்றம் எதுவுமில்லை. பழவேற்காட்டு ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற சனம் எல்லோருக்கும் அப்படித்தான். மோவாய் தண்ணீரைத் தொடும்படி குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவியபடியே நகர வேண்டும். பிடித்ததைப் போடுகிற பனையோலைப் பரியைத் தாங்க மூன்றாவது கையைக் கடவுள் கொடுக்கவில்லை. ஆகவே பரியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். விடிந்ததும் இறங்கினால் உச்சி வெயிலில்தான் கரையேறுவது. அதுவரை கயிறு வாயிலே, ஏரி நாக்கிலே.

அப்போது பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கோட்டை எழும்பி அறுபது எழுபது வருஷம் ஆகியிருந்தது. கோட்டைக்கு வெளியே துரைமார் வீடுகள், அடுத்து வியாபாரிகள் தெரு, அப்புறம் சாயக்காரர்கள், துணி அலசுகிற களம், அதற்கும் அப்பால் கப்பலில் மூட்டை ஏற்றும் கூலிக்காரர்கள். எல்லாம் தாண்டி வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த மணல்மேட்டின் காலடியில் பதினோரு குடிசைகள். அதில் ஒன்றில் பச்சையம்மா, அவள் புருஷன் நாகப்பன், மகள் இருசம்மா, மருமகன் சுப்பன், ஆடியில் பிறந்த பேத்தி ராஜாத்தி. பேரில் மட்டும் ஒரு குறைச்சலும் இல்லை.

கிழக்கே கடல், மேற்கே ஏரி, குடிக்க ஒரு சொட்டு கிடையாது. குடிக்கிற தண்ணீர் மணல்மேட்டின் வயிற்றில் இருந்தது. பெய்த மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி மிதக்கும். முழங்கால் ஆழம் பறித்தால் நல்ல தண்ணீர் ஊறி வரும். ஆடையை வழிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஆழமாகக் கை வைத்தால் அடியில் இருப்பது மேலே வந்துவிடும். அதனால் ஊற்றில் யாரும் குடத்தை முக்குவதில்லை. கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும். உச்சிவேளையில் ஓலையால் மூடி ஊற்றைத் தூங்க விட வேண்டும். வீட்டில் கல்யாணமானாலும் சாவானாலும் இந்த முறை மாறியதில்லை.

இன்னொரு முறையும் இருந்தது. தண்ணீரில் உப்பு ஏறுகிறதா என்று ருசி பார்க்க ஒருத்தியின் நாக்கை ஊரே பொதுவில் வைத்திருந்தது. அந்த நாக்குக்காரி மூன்று நாள் ஏரியில் இறங்கக் கூடாது. கருவாடு தொடக் கூடாது. உப்பில்லாத கஞ்சி குடித்துவிட்டு, நாலாம் நாள் விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு ஒரு மிடறு குடிக்க வேண்டும். அவள் உப்பு என்றால் அந்த ஊற்றைத் தூர்த்துவிட்டுத் தள்ளிப் போய் வேறு பறிப்பார்கள். எதிர்ப்பேச்சு கிடையாது. பச்சையம்மாவின் அத்தை செத்த பிறகு அந்த வேலை பச்சையம்மாவுக்கு வந்தது. வருஷத்தில் இரண்டு முறைதான் தேவைப்படும். வருஷத்துக்கு ஆறு நாள் அரை வயிறு என்றால் யாரும் தாங்கிக்கொள்ளலாம்.

அந்த வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டன. நகரத்துக் கிணறுகள் மார்கழியிலேயே கலங்கின. தண்ணீருக்கு அங்கே எவ்வளவு தேவை என்பது பச்சையம்மாவுக்கு எலிசபெத் சொல்லித்தான் தெரியும். எலிசபெத் ஒரு துரை வீட்டு வேலைக்காரி. வங்காளத்துப் பக்கமிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்டவள், பேரைக்கூட இங்கே வந்த பிறகுதான் வைத்தார்கள். தினமும் இறால் வாங்கக் கரைக்கு வருவாள்.

"எங்க வூட்டு தொரசாணி பெரிய தொட்டி நெறைய தண்ணி ரொப்பிக்கினு குளிக்குதுக்கா. மிச்சத்த ரோசாச் செடிக்கு ஊத்தணும். செடி கடல் தாண்டி வந்துதாம், வாடக் கூடாதாம்."

"குடிக்கிற தண்ணியவா செடிக்கு ஊத்துறீங்க?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"தெருவுல தூசி அடங்கவும் தெளிக்கிறோம்," என்றாள் எலிசபெத். பச்சையம்மா நம்பவில்லை. எலிசபெத் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

தை பிறந்ததும் தாமோதரன் வந்தான். நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கிற குத்தகையை எடுத்திருந்தவன் அவன். வெள்ளை வேட்டி, கையில் குடை, பேச்சில் வெல்லம். பதினோரு குடிசைக்காரர்களையும் உட்காரவைத்துத் தானும் மணலில் உட்கார்ந்தான். அவர்களோடு சரிசமமாக மணலில் உட்கார்ந்த முதல் பெரிய மனுஷன் அவன்தான். அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மணல்மேட்டின் தெற்கு முனையில் ஒரு கேணி வெட்டி ஏற்றம் வைக்கப் போகிறேன், உங்கள் ஊற்று வடக்கு முனையில் பத்திரமாக இருக்கும், ஏற்றம் மிதிக்க உங்கள் ஆட்களுக்கே வேலை, கூலி நெல்லாக என்றான். நாகப்பன் தலையைச் சொறிந்தான்.

"மேடு ஒண்ணுதானே சாமி? தெக்கால எறைச்சா வடக்கால உப்பு ஏறிடாதா?"

"ஏறினா நிறுத்திடறேன். பத்து நாளைக்கு ஒருதரம் பச்சையம்மா வந்து கேணித் தண்ணிய ருசி பாக்கட்டும். அவ உப்புனு ஒரு வார்த்த சொன்னா அன்னைக்கே ஏத்தம் நிக்கும். ஒங்க கன்னியம்மா மேல ஆணை."

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அம்பலத்துக்கு வேண்டிய சொல்லாக இருந்தால் பல்லக்கில் ஏற்றிக் கொண்டுபோவார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. கோட்டைத் துரைமாரும் வியாபாரிகளும் தண்ணீர் குடிக்கத் தன் நாக்கைக் கேட்கிறார்கள் என்று பச்சையம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவள் சரி என்றாள். அவள் சரி என்றதும் ஊரும் சரி என்றது.

ஏழே நாளில் கேணி எழுந்தது. ஏற்றம் ஏறி இறங்கியது. விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் சால் சாலாகத் தண்ணீர் போனது. அங்கே உச்சிவேளைத் தூக்கம் கிடையாது. சுப்பன் ஏற்றம் மிதிக்கப் போனான், மாலையில் துண்டில் நெல் கட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் முதல் தடவையாக இரண்டு வேளை உலை கொதித்தது.

முதல் பத்து நாளைக்குப் பச்சையம்மா முறைப்படிதான் செய்தாள். மூன்று நாள் ஏரிக்குப் போகவில்லை. நாலாம் நாள் கேணியடியில் நின்று ஒரு மிடறு குடித்து, "தித்திப்பு" என்றாள். தித்திப்பாகத்தான் இருந்தது. கூடி நின்றவர்கள் தலையாட்டினார்கள். இரண்டாம் பத்து நாளிலும் மூன்று நாள் இருந்தாள். அப்போது தை இறால் ஏரியில் கொட்டிக் கிடந்தது. மற்றப் பெண்கள் பரி நிறைய அள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்திருப்பது பட்டினியைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் முறை அவள் உட்காரவில்லை. நாளைக்குத் தொடங்கலாம், நாளைக்குத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட்டு, பத்தாம் நாள் காலையில் ஏரியில் இருந்தாள். கரையில் தாமோதரன் பித்தளைச் செம்போடு நிற்பதைப் பார்த்ததும் பரிக்கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

"மூணு நாள் ஆவல சாமி. இன்னிக்கி நான் சொல்லக் கூடாது."

"தெரியும், தெரியும். இறால் இவ்வளோ படுற நேரத்துல ஒன்னக் கரையில ஒக்கார வெக்க எனக்கு மனசு வரல. அதான் நானே மொண்டுக்கினு வந்தேன். வாயக் கொப்புளிச்சிட்டு ஒரு வாய் குடி, போதும்."

எதைக் கொண்டு கொப்புளிப்பது? ஏரித் தண்ணீரால் கொப்புளித்தாள். பிறகு செம்பை வாங்கிக் குடித்தாள். ஏரியின் கைப்பும் கயிற்றின் கரிப்பும் ஊறிய நாக்குக்கு அது பதனீர் மாதிரி இருந்தது.

"தித்திப்பு சாமி."

"சத்தமா சொல்லு," என்றான் தாமோதரன். சத்தமாகச் சொன்னாள். ஏரியில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்கப்புறம் பத்து நாளைக்கு ஒருமுறை அவனே செம்போடு கரைக்கு வந்தான். தங்கமான மனுஷன் என்று அவள் வீட்டில் சொன்னாள். இருசம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நிமிர்ந்தாள்.

"ஏம்மா, மூணு நாள் இருந்துதானே பாக்கணும்?"

"மூணு நாள் சும்மா ஒக்காந்தா யாருடி சோறு போடுவாங்க?" என்றாள் பச்சையம்மா.

மாசியில் ஒவ்வொன்றாக நடந்தது. முதலில் ஊற்றில் இருந்த தவளை போய்விட்டது. பச்சையம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஊற்றில் ஏதாவது ஒரு தவளை இருந்துகொண்டுதான் இருந்தது. வெயில் தாங்காமல் போயிருக்கும் என்றான் நாகப்பன். அடுத்து, பக்கத்துக் குடிசை ஆடு தொட்டித் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஆட்டுக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்றார்கள். பிறகு கரைக்கு வந்த எலிசபெத்தின் கன்னத்தில் விரல் தடம் இருந்தது.

"ரோசாச் செடி எல்லாம் கருகுதுக்கா. வேர்ல நாந்தான் உப்பு கொட்டிட்டேன்னு தொரசாணி அடிச்சிட்டா. நான் எதுக்கு உப்பு கொட்டப் போறேன்?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் இன்னொன்றும் சொன்னாள். "குடிக்கிறதுக்கு இப்ப அந்தக் கேணித் தண்ணி இல்ல. பொன்னேரிப் பக்கத்துல இருந்து படகுல வருது. கேணித் தண்ணி துணி அலசவும் தெருவுக்கும்தான்."

பெரிய வீட்டுக்காரர்களுக்கு நாக்கு நீளம் என்று பச்சையம்மா நினைத்துக்கொண்டாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம். ஆனால் அன்றைக்குப் பரி நிறைந்திருந்தது, நிறைந்த பரிக்கு யோசனை எதற்கு?

அதற்கு மறுநாள் ராஜாத்தி தண்ணீரைத் துப்பியது. ஏழு மாதக் குழந்தை. சங்கில் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை வாயில் வாங்கி, முகத்தைச் சுளித்து, வெளியே தள்ளிவிட்டு அழுதது. மறுபடி கொடுத்தார்கள், மறுபடி துப்பியது.

"எனக்கும் தண்ணி ஒரு மாதிரி கீதும்மா," என்றாள் இருசம்மா. "நாலஞ்சி நாளாவே நாக்குல கரிக்குது."

அந்தச் சனத்தில் பிள்ளை பெற்றவள் குழந்தை தவழுகிற வரைக்கும் ஏரியில் இறங்க மாட்டாள். ஏழு மாதமாகப் பரிக்கயிறு கடிக்காத நாக்கு இருசம்மாவுடையது. ஊரிலேயே சுத்தமான வாய் இரண்டு, ஒன்று தாயுடையது, ஒன்று பிள்ளையுடையது. அந்த இரண்டும் சொன்னதை நாக்குக்காரி கேட்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு வாய்க் கசப்பு சகஜம் என்று மகளிடம் சொன்னாள். பேத்திக்குக் கண் பட்டிருக்கிறது என்று முடிவு செய்தாள். ஒரு கைப்பிடி உப்பை எடுத்துக் குழந்தையை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. பார்த்தாயா எவ்வளவு திருஷ்டி என்றாள்.

அடுத்த முறை தாமோதரன் செம்போடு வந்தபோதும் அவள் தித்திப்பு என்றுதான் சொன்னாள்.

பங்குனி முதல் வாரம், சேற்றைத் துழாவும்போது கெளுத்தி மீன் முள் அவள் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கை முழங்கை வரை வீங்கி ஜுரம் வந்தது. நாகப்பன் பச்சிலை வைத்துக் கட்டி, பத்தியம் போட்டான். உப்பில்லாத கஞ்சி, நாலு நாள். ஏரிக்குப் போகவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஜுரம் இறங்கியது. நாக்கு வறண்டிருந்தது. தண்ணீர் கேட்டாள். இருசம்மா கொட்டாங்குச்சியில் கொடுத்தாள்.

ஒரு வாய்தான். அப்படியே துப்பினாள்.

குழந்தை என்ன செய்ததோ அதையே செய்கிறோம் என்பது அவளுக்குத் துப்பிய பிறகுதான் உறைத்தது. எழுந்து, வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஊற்றுக்கு ஓடினாள். மொண்டு குடித்தாள். உப்பு. மணல்மேட்டின் மேல் ஏறி மறுமுனைக்குப் போய், ஏற்றத்துச் சாலில் கையை விட்டு நக்கினாள். கடல். ஏற்றத்தின் மேல் நின்ற மருமகன் சுப்பன் அவளைப் பார்த்து மிதிப்பதை நிறுத்தினான். முந்தின நாள்கூட அவன் அந்தத் தண்ணீரைத்தான் குடித்திருந்தான். மாலையில் இறால் பிடிக்கவும் போகிறவன், அவனுக்கும் தெரியவில்லை.

தாமோதரன் குடையோடு நிழலில் நின்றிருந்தான்.

"சாமி, உப்பு. முழுக்க உப்பு. நிறுத்துங்க சாமி."

"நிறுத்திட்டா போச்சு," என்றான் அவன். ஒரு பேச்சு மறுத்துப் பேசவில்லை. அங்கேயே ஏற்றத்தை இறக்கச் சொன்னான். பிறகு கூலிக்காரர்கள் காதில் விழும்படி, "ஒம்போது நாளைக்கு முன்னாடிகூட தித்திப்புன்னியே பச்சையம்மா. ஒன் பேச்ச நம்பித்தானே எறைச்சோம். ஊரே கேட்டுதே," என்றான்.

அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மூன்று நாள் உட்காராதது அவள். சத்தமாகச் சொன்னதும் அவள். அவமானம் ஜுரத்தைவிட அதிகமாக உடம்பைச் சுட்டது. அந்த வாரத்துக்குள் நகரத்தில் அந்தக் கேணிக்குப் பச்சையம்மா கேணி என்று பேர் வந்துவிட்டது.

குடிசைக்காரர்கள் பத்து அடி தள்ளிப் பறித்தார்கள், உப்பு. நூறு அடி தள்ளிப் பறித்தார்கள், உப்பு. மேடு முழுக்கப் போய்விட்டிருந்தது. அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பொன்னேரிப் பக்கத்துத் தண்ணீர்ப் படகு விடிந்ததும் கோட்டைத்துறையில் அணையும். முதலில் துரைமார் வீட்டுப் பீப்பாய்கள் நிரம்பும். அப்புறம் வியாபாரிகள், அப்புறம் சாயக்காரர்கள். கூலிக்காரர்கள் முறை வரும்போது அடியில் கலங்கல் இருக்கும். இறால்காரர்கள் முறை என்று ஒன்று கிடையாது. படகைக் கவிழ்த்துக் கழுவும்போது ஒழுகுகிறதைப் பெண்கள் சட்டியில் பிடித்தார்கள். எலிசபெத் தோட்டச் சுவரின் ஓட்டை வழியாக இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு செம்பு கொடுத்தாள். ராஜாத்தி அழும்போது கண்ணில் நீர் வருவது நின்றுபோயிற்று. இருசம்மாவுக்குப் பால் குறைந்தது. அந்தக் குழந்தை பிழைக்குமா என்பதைத் தவிரப் பச்சையம்மாவுக்கு வேறு நினைப்பு இல்லை.

அப்போதுதான் தாமோதரன் மறுபடி வந்தான். இந்த முறை மணலில் உட்காரவில்லை.

"தெக்கால வரதன் குப்பத்து மணல்மேட்டுல ஊத்துக் கீது. ஒன் சொல் இல்லாம கேணி வெட்ட விட மாட்டேங்கிறான் வரதன். நீ உப்புன்னதும் ஏத்தம் நின்னுதாம், பச்சையம்மா வந்து பாக்கட்டும்ங்கிறான். வந்து பாத்து சொல்லு. தெனம் ரெண்டு கொடம் நல்ல தண்ணி ஒன் வூட்டுக்கு வரும்."

வரதன் கடலில் வலை போடுகிற குப்பத்தின் தலைவன். அவன் பெண்டாட்டி குப்பம்மாவைச் சந்தையில் பச்சையம்மாவுக்கு நன்றாகத் தெரியும். இவள் இறாலும் அவள் மீனும் பக்கத்துப் பக்கத்தில் விற்கும்.

பச்சையம்மா மூன்று நாள் இருந்தாள். ஏரிக்குப் போகவில்லை. உப்பில்லாத கஞ்சிகூட ஒரு வேளைதான். அந்த மூன்று நாளும் ஒரே யோசனை. இரண்டு குடம் வந்தால் குழந்தை பிழைக்கும். அவள் தித்திப்பு என்றால் குப்பம்மாவின் குப்பம் இன்னொரு வடக்கு முனை ஆகிவிடும். நாலாம் நாள் விடியலில், கன்னியம்மனைக் கும்பிடும்போது முடிவு செய்துவிட்டாள்.

வரதன் குப்பத்து ஊற்றைச் சுற்றி ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். பச்சையம்மா கொட்டாங்குச்சியில் மொண்டு குடித்தாள். இளநீர் போலிருந்தது. அவ்வளவு நல்ல தண்ணீரைக் குடித்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. துப்ப மனம் வரவில்லை, விழுங்கிவிட்டாள்.

"உப்பு," என்றாள்.

கூட்டம் சலசலத்தது. தாமோதரன் அவளையே பார்த்தான். பிறகு குனிந்து, விரலை நனைத்து, நாக்கில் வைத்துச் சப்புக் கொட்டினான். சிரித்தான்.

"வரதா, நீயும் பாரு."

வரதன் குடித்தான். அன்றைக்குக் கடலுக்கு இன்னும் போகாத வாய். முகம் மாறியது.

"நம்ம ஊத்து தேன் மாதிரி கீது. இன்னாத்துக்கு பொய் சொல்ற பச்சையம்மா?"

"வேணாம்பா, கேணி வெட்டாதீங்க. எங்க மேடு அப்படித்தான் போச்சு. மேலதான் நல்ல தண்ணி, ஏத்தம் வெச்சி எறைச்சா அடியில இருந்து—"

"ஒங்க ஊத்து போச்சுன்னு எங்க ஊத்துல மண்ணப் போட வந்தியா?" என்றான் வரதன். தாமோதரன் தரப்போகிற நெல் அவன் பேச்சில் ஏற்கெனவே வெந்துகொண்டிருந்தது. "பொய் சொல்றவ சொல்ல இனிமே எதுக்குக் கேக்கணும்?"

உண்மையைச் சொல்ல ஒரு பொய்யைத் துணைக்குக் கூப்பிட்டாள். பொய் உண்மையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் மண்வெட்டியை எடுத்தார்கள். பச்சையம்மா தாமோதரன் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்கே ருசி தெரியுமே சாமி. அப்ப எங்க கேணிக்கு என்ன எதுக்குக் கேட்டீங்க?"

"அன்னைக்கும் நான் குடிச்சுப் பாத்துட்டுத்தான் செம்பக் கொண்டாந்தேன்," என்றான் அவன், ஏதோ வெயில் அதிகம் என்று சொல்வது போல. "நீ தித்திப்புன்ன. நான் எதுக்கு நிறுத்தணும்?"

அவன் குடையை விரித்துக்கொண்டு போனான். கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றினான், அன்று மாலையே வரதன் குப்பத்து ஊற்றுத் தண்ணீர் இரண்டு குடம் வந்தது. பச்சையம்மா அதைத் திருப்பி அனுப்பவில்லை. கொட்டிக் கவிழ்க்கவும் இல்லை. வீரம் பேச அவளுக்கு வசதி இல்லை. சங்கில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள். ராஜாத்தி துப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கக் குடித்தது. இருசம்மா சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள்.

அதற்கப்புறம் பச்சையம்மா ஏரியில் இறங்கவே இல்லை. கடற்கரையில் சுள்ளி பொறுக்கி விற்றாள், பாதி வயிற்றோடு இருந்தாள். நாக்கைச் சுத்தமாக வைத்திருந்தாள், கேட்க ஆளில்லாத நாக்கு. ஆனால் அதைக்கூட அவள் முழுதாக நம்பவில்லை. தினமும் குடம் வந்ததும் முதல் சங்கு ராஜாத்திக்கு. குழந்தை விழுங்குகிற வரைக்கும் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். சித்திரை போனது. கத்திரி வெயில் போனது. தெற்கே அந்த மணல்மேட்டின் மேல் ஏற்றம் ஏறி இறங்குவது அவள் குடிசை வாசலிலிருந்து தெரியும்.

வைகாசி கடைசியில், ஒரு காலை, ராஜாத்தி துப்பியது.

இந்த முறை பச்சையம்மா உப்பெடுத்துச் சுற்றவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், சங்கை முந்தியில் முடிந்துகொண்டாள், வரதன் குப்பத்துக்கு நடந்தாள். குப்பம்மா கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை செதில், உதட்டில் கடல் காய்ந்த வெள்ளை.

"குப்பம்மா, ஏத்தத்த நிறுத்தச் சொல்லு. எம் பேத்தி துப்புறா, பாரு." குப்பம்மாவின் வீட்டுக் குடத்திலிருந்து சங்கில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தாள். ராஜாத்தி முகத்தைச் சுளித்துத் துப்பியது.

குப்பம்மா குழந்தையைப் பார்த்தாள். பச்சையம்மாவைப் பார்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அதே குடத்திலிருந்து ஒரு கை மொண்டு குடித்தாள்.

"நல்லாத்தானே கீது. தித்திப்பா கீது."

"ஒன் வாய்ல கடல் கீது குப்பம்மா. மூணு நாள் மீனத் தொடாத, உப்புத் திங்காத, வூட்டுலயே இரு. அப்பறம் குடிச்சுப் பாரு. ஒன் கால்ல வுழறேன்."

குப்பம்மா சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. களைத்துப் போன சிரிப்பு.

"மூணு நாள் சும்மா ஒக்காந்தா யாருக்கா சோறு போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு வலைக்குத் திரும்பினாள்.

பச்சையம்மா குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, வந்த வழியே வீட்டுக்கு நடந்தாள்.